கருவாடு இல்லை, கார்ச் சாமான்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. செத்துப்போன என் அக்காவின் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துத்தான் ஏழு என்கிறேன். மன்னார்த் தீவில், எங்கள் ஊர் பேசாலையில் கேட்டால் காரையும் சேர்த்து எட்டு என்பார்கள். பகிடிக்குச் சொல்வது. ஆனால் அந்த ஏழுக்கும் சோறு போட்டது அந்த எட்டாவதுதான், அதனால் எனக்குக் கோபம் வருவதில்லை.

கார் என்றால் மொறிஸ் மைனர். சாம்பல் நிறம். அவர் வாங்கும்போதே அது பழையது. இந்த எழுத்தில் வெறுமனே அவர் என்று வந்தால் அது என் வீட்டுக்காரர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஹயர், அதாவது வாடகைக்கு, ஓடித்தான் குடும்பத்தைக் கொண்டு நடத்தினார். எங்கள் ஊரில் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். வள்ளக்காரர் பலகைக்குச் சுறா எண்ணெய் பூசுவதைப் பார்த்து, அவர் காருக்குப் பூசினார். கதவுக்கு அடியில், சில்லுக்கு மேலே, எஞ்சினைச் சுற்றி என்று ஓரிடம் விடமாட்டார். புதுச் சாமான் வாங்கி வந்தாலும் முதலில் எண்ணெய், பிறகுதான் மற்ற வேலை. அது காய்ந்து மஞ்சள் தோல் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். துரு கிட்ட வராது. மணமும் விட்டுப் போகாது. கலியாணத்துக்கு எங்கள் காரைப் பிடிக்கிறவர்கள் மல்லிகைப்பூவை இரண்டு மடங்கு வாங்குவார்கள்.

அவர் போய் இருபது வருடமாகிறது. இப்போது கடைசி மகன் யூட் ஓடுகிறான். மடு ஆவணித் திருவிழா நெருங்கிவரும் நேரம் பார்த்துத் தண்ணீர்ப் பம்ப் உடைந்துபோனது. எஞ்சின் சூடேறாமல் தண்ணீரைச் சுற்றிவிடுகிற சாமான் அது. பட்டறையில் ஏற்கெனவே இரண்டு முறை ஒட்டியிருந்தார்கள். இந்த முறை உடம்பே பிளந்துவிட்டது. புதியது கொழும்பில் இருக்கிறதாம். அந்த விலைக்குக் கன்றோடு ஒரு கறவைப் பசு வாங்கலாம்.

"இனி ஏலாது அம்மா," என்றான் யூட். "ஞாயிறு பூசை முடிய ஒராள் வாறார், இரும்பு விலைக்கு எடுக்க. குடுத்திட்டு நான் வேற ஆரின்ரையும் வானுக்கு றைவரா நிக்கிறன்."

"ஆரின்ரையும் வானுக்கு றைவரா நிக்கவோ உன்னை வளர்த்தனான்? ஞாயிறு வரைக்கும் பொறு. நான் போய்த் தேடிக்கொண்டு வாறன்."

"எங்க போகப்போறியள்?"

"வெளிநாட்டுக்கு."

எங்களுக்கு மன்னார்ப் பாலத்தைத் தாண்டினால் வெளிநாடு. அங்கே மண்ணின் நிறம் வேறு, மீன் குழம்பு வேறு, ஆட்கள் நித்திரை கொள்ளும் நேரம்கூட வேறு. துணைக்கு என் மச்சாள் பிலோமினா வந்தாள். அவரின் தங்கை. வயது எழுபது. அவளுக்குக் கால் நல்லது, வாய் அதைவிட நல்லது. உடைந்த பம்பைச் சீமெந்துப் பேப்பரில் சுற்றிப் பன்புல்லில் இழைத்த பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டோம். சாமானைக் காட்டாமல் கடையில் என்ன கேட்பது?

பேசாலைப் பஸ்ஸில் ஏறி இருந்தவுடனே முன் கதிரைக்காரர் திரும்பிப் பார்த்தார். பின் கதிரைக்காரி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தாள். கொண்டக்டர் தம்பி மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஆச்சி, கருவாட்டைப் பின்னுக்கு வையுங்கோ. சனம் கத்துது."

"இது கருவாடு இல்லைத் தம்பி. கார்."

கொண்டக்டர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு டிக்கெற்றைக் கிழித்துத் தந்துவிட்டு முன்னால் போய்விட்டார். நான் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மன்னார் பசாரில் கழுதைகள் எங்களுக்கு முன்னமே கடைகளுக்கு முன்னால் வந்து நின்றன. நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் யப்பான் வாகனச் சாமான்தான். கடைசிக் கடை முதலாளி நரைத்த ஆள். பம்பைக் கையில் வாங்கி, மணந்து பார்த்து, சிரித்தார்.

"இது இஞ்ச கிடையாது அம்மா. முசலிப் பக்கம் போய்ப் பாருங்கோ. சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி எல்லாம் முந்தி இந்தக் கார்தான் ஓடினது. வயலுக்குத் தண்ணி இறைக்க இந்த எஞ்சினைப் பூட்டி வைச்சிருந்தவை. ஆனால் ஒண்டு, காருக்கு எண்டு மட்டும் வாய் திறக்காதேங்கோ. பழைய கார் சேர்க்கிற ஆக்கள் கொழும்பில இருந்து வந்து வந்து, இப்ப ஒரு பழைய ஆணிக்கும் தங்க விலை சொல்லுறாங்கள்."

"அப்ப என்னெண்டு கேக்கிறது?"

"இரும்பு யாவாரம் எண்டு கேளுங்கோ."

மச்சாளுக்கு இது நன்றாகப் பிடித்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் இரும்பு வியாபாரி எப்படிப் பேசுவாள் என்று பழகிக்கொண்டு வந்தாள். "பேசாலை எண்டும் சொல்லக்கூடாது மச்சாள். பேசாலைக்காரருக்கு வள்ளம் இருக்கு, காசிருக்கு எண்டு நினைப்பினம். வங்காலை எண்டு சொல்லுவம்," என்றாள். வங்காலைக்காரருக்கும்தான் வள்ளம் இருக்கிறது. இருந்தாலும் வங்காலை என்றே வைத்துக்கொண்டோம்.

அடுத்த நாள் விடியப் பாலத்தைத் தாண்டினோம். கடல் இரண்டு பக்கமும் தட்டையாகக் கிடந்தது. எங்கள் கரையில் நிற்கிற பெரிய காற்றாடிகள் முதுகுக்குப் பின்னால் சின்னதாகிக்கொண்டே போயின. பிறகு வயல், குளம், எருமை. தீவுக்குள் இருந்து வருகிறவளுக்கு இத்தனை பச்சையைக் கண்டால் கண் கூசும்.

சிலாவத்துறையில் இறங்கி ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். இடியப்பமும் மாட்டிறைச்சிக் குழம்பும். குழம்பில் ஏலம் கராம்பு எல்லாம் தூக்கலாக இருந்தது. நாங்கள் மீனுக்கு இப்படி வாசம் போட்டால் மாமியார் ஏசுவார். நான் குழம்பை இரண்டாம் முறையும் வாங்கினேன். மச்சாள் மூன்றாம் முறையும் வாங்கினாள். கடைக்காரர் தேத்தண்ணீரை வைத்துக்கொண்டே கேட்டார்.

"எங்க போற பயணம்?"

"இரும்பு எடுக்க வந்தனாங்கள்," என்றாள் மச்சாள், பெரிய முதலாளி மாதிரி.

"இரும்பா? லொறி எங்க?"

அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. "பின்னால வருது," என்றேன் நான். அந்த லொறி அதற்குப் பிறகு நாள் முழுக்க எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது.

சிலாவத்துறைப் பட்டறைகளில் பம்ப் இல்லை. ஒரு வயலில் மைனர் எஞ்சின் இருந்தது, ஆனால் பம்பைக் கழற்றிவிட்டு வேறு ஏதோ பூட்டியிருந்தார்கள். இனி மறிச்சுக்கட்டிதான் மிச்சம். மத்தியான பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் பஸ்ஸுக்குள் ஏதோ படார் என்று வெடித்து, புகை வந்து, எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். வீதியின் இரு பக்கமும் பற்றைக்காடு. நடுவீதியில் யானை இலத்தி, இன்னும் ஈரமாக இருந்தது.

"செபமாலை சொல்லுவமோ?" என்றாள் மச்சாள்.

"முதல்ல ஏதும் வாகனம் வருகுதோ எண்டு பார். செபமாலையை அதில இருந்து சொல்லலாம்."

வந்தது ஒரு உழவு இயந்திரம். பின்னால் பெட்டி நிறைய வைக்கோல். ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். நவாஸ் என்று பெயர். மறிச்சுக்கட்டிக்காரர். எங்களைக் கைப்பிடித்து ஏற்றினார். எழுபத்தெட்டு வயதில் நான் வைக்கோல் மேலே ஏறி, ராணி மாதிரி இருந்து போனேன். என் மைனருக்கு அடுத்ததாக அதுதான் நல்ல வாகனம் என்று சொல்வேன். நவாஸ் திரும்பிப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"என்ன அலுவலா வந்தீங்க?"

"இரும்பு எடுக்க!"

"அப்ப எங்கட வீட்டுக்கு வாங்க. பின் வளவில கொஞ்சம் கிடக்கு. லொறி?"

"பின்னால வருது!"

வீடு சின்னக் கல்வீடு. முற்றத்தில் முருங்கை, வாசலில் கழுவிக் கவிழ்த்த தயிர்ச்சட்டிகள். நவாஸின் தாய் ஆயிஷா உம்மா எங்கள் வயதுக்காரி. பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து புளி உரித்துக்கொண்டிருந்தார்.

"உம்மா, இரும்பு எடுக்கிற ஆக்கள் வந்திருக்காங்க."

உம்மா எங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "கழுத்தில செபமாலையோட இரும்பு எடுக்க வாறவங்கள இப்பதான் பாக்கிறன். எந்த ஊரு?"

"வங்காலை," என்றாள் மச்சாள்.

எருமைத் தயிரில் தேன் விட்டுத் தந்தார். தயிர் கரண்டியில் துண்டாக நின்றது. எங்கள் பக்கத்தில் அப்படித் தயிர் கிடையாது என்று மனம் ஒப்பித்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் பின் வளவுக்குப் போனோம். மச்சாள் ஒரு உடைந்த கலப்பையைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டி, நல்ல வடிவாக நடித்தாள். நான் போகிற போக்கில் கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"பழைய காரில கழட்டின சாமான் ஏதும் இருக்கோ? தண்ணிப் பம்ப், அது இது எண்டு?"

"தண்ணிப் பம்ப் ஒண்டு உள்ள இருக்கு," என்றார் உம்மா. "ஆனா அது விக்கிற சாமான் இல்ல. அமானிதம்."

அமானிதம் என்றால் ஒருவர் நம்பித் தந்துவிட்டுப் போன பொருள். அதை விற்கவும் கூடாது, எடுத்துப் பாவிக்கவும் கூடாது. கேட்டு வரும்வரை காத்துக் கொடுக்க வேண்டும். அதை உம்மாதான் விளக்கிச் சொன்னார்.

"ஆரின்ர அமானிதம்?" என்றாள் மச்சாள்.

"பேசாலை ஆள் ஒருத்தர். எங்கட வீட்டுக்காரரும் அவரும் கூட்டாளிமார். ரெண்டு பேரும் ஒரே மாதிரிக் காரில ஹயர் ஓடினவங்க. இந்தப் பக்கத்தில கார் நிண்டா கைக்கு எட்ட வேணும் எண்டு, புதுப் பம்ப் ஒண்டக் கொண்டுவந்து இங்க வைச்சிட்டுப் போனார். எங்கட அவரும் அவங்கட வீட்டில ஏதோ வைச்சிருந்தார். அப்ப ஹயர் ஓடின எல்லாரும் அப்பிடித்தான், வழியில ஒரு வீட்டில ஒரு சாமான்."

நான் பக்கத்தில் இருந்த உரலில் இருந்துவிட்டேன். 'மறிச்சுக்கட்டி நானா' என்று ஒரு கூட்டாளியைப் பற்றி அவர் கதைத்துக் கேட்டிருக்கிறேன். எங்கள் கட்டிலுக்குக் கீழே யாரோ ஒருவரின் டைனமோ வருடக்கணக்காகக் கிடந்து, சண்டைக்குப் பயந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறிய நாளில் வீட்டோடு போனதும் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தபோது கோயில் வளவில் விட்ட கார் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. பம்ப் வைத்த கதை மட்டும் அவர் சொன்னதில்லை. அல்லது சொன்னபோது நான் அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்திருப்பேன். பிறகு சண்டை, பாதை பூட்டு. அது திறக்குமுன் அவரும் போய்விட்டார்.

"நான்தான் அந்த ஆளின்ர பெண்சாதி," என்றேன்.

உம்மா புளியை ஒரு பக்கம் வைத்தார். "முதல்ல இரும்பு யாவாரம் எண்டீங்க. வங்காலை எண்டீங்க. இப்ப பேசாலை, பெண்சாதி. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா எனக்குக் கூடப்பிறந்த ராத்தா எண்டும் சொல்லுவீங்க போல."

"லொறியும் இல்லை," என்றாள் மச்சாள், தலையைக் குனிந்துகொண்டு.

"அது தெரியும். சரி, அமானிதம் வைச்சவர்ட பேரச் சொல்லுங்க. தாறன்."

என் நாக்கு அப்படியே நின்றது. அறுபது வருடமாக இந்த வாயில் வராத பெயர். சங்கக்கடையில் கேட்டாலும், அரசாங்கக் கந்தோரில் கேட்டாலும், பிள்ளைகளில் ஒன்றை முன்னால் தள்ளிவிடுவேன். மச்சாள் வாயைத் திறந்தாள். "அண்ணன்ர பேர்..."

உம்மா கையைக் காட்டினார். "நீங்க இல்ல. அவ சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற இரும்புக்காரர் என் கண்ணுக்கு முன்னால் நின்றார். ஒரு பெயர்தான், சொல்லிவிட்டால் கார் தங்கும். வாயைத் திறந்தேன், மூடினேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன்.

"மரத்தில கட்டி வைச்சு, உடம்பெல்லாம் அம்பு எய்தாங்களே ஒரு புனிதருக்கு. அந்தப் பேர்தான்."

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் என்ன கோயிலுக்கா போறன்?"

"தை மாசத்தில திருநாள் வரும்."

"வரட்டும். பேரு?"

நான் எழும்பினேன். "மச்சாள், பையை எடு. போவம்." காரும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது உம்மா சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"நவாஸ், அலுமாரிக்குக் கீழ இருக்கிற பெட்டிய எடுத்துட்டு வா. ஏமாத்த வந்தவ எண்டா அந்தப் பேர இந்நேரம் பத்துத் தரம் சொல்லியிருப்பா. இவ வீட்டுக்காரிதான். எங்கட அவர்ட பேர நானும் இண்டைக்கு வரைக்கும் சொன்னதில்ல. எங்க கேட்டாலும் இவன்தான் சொல்லுவான்." என் கையைப் பிடித்து இருத்தினார். "பேசாலை ________ அண்ணன். சரிதானே?"

நான் தலையை ஆட்டினேன்.

பெட்டியைத் திறந்தார்கள். மணம் வந்தவுடனே மச்சாள் அழத் தொடங்கிவிட்டாள். பம்பைச் சுற்றி மஞ்சள் தோல். நான் என் பையிலிருந்த உடைந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

இரவு அங்கேயே தங்கினோம். சாப்பிடும்போது உம்மா சொன்னார்.

"சண்டை நேரம் எங்கட முஸ்லிம் சனத்த ஊர விட்டு எழுப்பின அண்டைக்கு ஆளுக்கு ஒரு பைதான். என்ர தையல் மெசின், பாத்திரம் பண்டம் எல்லாம் கிடக்குது, இவர் இந்தப் பெட்டியத் தூக்குறார். இரும்பத் தூக்குறீங்களே எண்டு ஏசினன். நம்மட சாமான விட்டிட்டுப் போகலாம், அடுத்தவர்ட சாமான எப்பிடி விடுறது எண்டார். புத்தளத்தில அகதி முகாமில தலைமாட்டில இருந்தது. அவர் அங்கயே மௌத்தாயிட்டார். ஊருக்குத் திரும்பி வந்து மன்னார் பசாரில விசாரிச்சன். உங்கட ஆளும் இல்ல, குடும்பமும் இந்தியாவுக்குப் போயிட்டுது எண்டாங்க. கேட்டு வந்தாக் குடுப்பம் எண்டு வைச்சிருந்தன்."

நான் பெட்டியை எட்டி எடுத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். உம்மா என் தட்டில் இன்னும் சோறு போட்டார்.

"ஆனா ஒண்டு. இந்த நாத்தத்த இத்தன வருசம் நான் மணந்திருக்கிறன். அதுக்குக் கூலி தர வேணும்."

"என்ன வேணும் சொல்லுங்கோ."

"அந்தக் கார் ஓடினா, முன் சீற்றில என்ன ஏத்திக்கொண்டு ஒரு தரம் கடக்கரைக்குப் போகவேணும்."

திரும்பும்போது மன்னாரிலிருந்து அதே பஸ், அதே கொண்டக்டர் தம்பி. எங்களைக் கண்டதும் யன்னலைத் திறந்தார். "ஆச்சி, இண்டைக்கு மணம் ரெண்டு மடங்கு."

"இண்டைக்கு ரெண்டு இருக்குத் தம்பி."

பம்புக்கு உள்ளே இருந்த றப்பர் காய்ந்துபோயிருந்தது. அதைப் பட்டறையில் மாற்றினார்கள், பெரிய செலவில்லை. சனிக்கிழமை யூட் பூட்டினான். ஞாயிறு பூசை முடிந்து வர, இரும்புக்காரர் படலையில் நின்றார். யூட் வந்தவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், காருக்குள் ஏறி எஞ்சினை இயக்கினான். அது இருமி, தும்மி, பிறகு ஒரே சீராக ஓடியது. தண்ணீர் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"விலை கதைப்பமோ?" என்றார் வந்தவர்.

"அம்மாவைக் கேளுங்கோ," என்றான் யூட்.

"விக்கிறதில்லை," என்றேன். "வெயிலுக்குள்ளால வந்திருக்கிறியள். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

மடுவுக்கு எங்கள் காரில்தான் போனோம். நான் முன் கதிரையில். திருவிழா முடிந்த கையோடு மறிச்சுக்கட்டிக்குப் போனோம். ஆயிஷா உம்மா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன் கதிரையில் ஏறினார். நான் என் காரிலேயே முதல்முறையாகப் பின்னால் இருந்தேன். கடற்கரை வரும்வரை உம்மா அப்படியே பொத்திக்கொண்டிருந்தார். பிறகு மூக்கிலிருந்து முக்காட்டை எடுத்துவிட்டார். "எங்கட வீட்டு மணம்," என்றார்.

வரும்போது யூட் அங்கே ஒரு சாமானை வைத்துவிட்டு வந்தான். எங்கேயோ மலிவாக வாங்கிய ஒரு டைனமோ. அதற்கு என் கையாலேயே சுறா எண்ணெய் பூசியிருந்தேன். உம்மா அதைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, "இது யார்ட பேரில?" என்று கேட்டார்.

"என்ர பேரில வையுங்கோ. ஞானம்மா. கேட்டா நானே சொல்லுவன்."

இவ்வளவும் நானே எழுதினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பதால் நாள் பிடித்தது. யூட்டின் மகள் ஸ்டெலா பக்கத்தில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஸ்டெலா, காலை ஆட்டாதை. உம்மா பேர் சொல்லுற இடத்தில நான் ஒரு கோடு இழுத்து விட்டிருக்கிறன், பார். அதில உன்ர அப்பப்பாவின்ர பேரை நீ நினைச்சுக்கொள். இப்ப முதலில இருந்து வாசி. அந்த இடம் வரேக்க மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு பிள்ளை. எனக்குக் காது மந்தம்.